எலியின் இரத்தக் கொழுப்பு இருதயத்துக்குச் சாட்சி ஆகாது

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்போது இருதயம் கெடுகிறது; இருதயம் கெட்டால் உடம்பின் கொழுப்புக் கணக்குக் குழம்பி, இரத்தத்தில் கொலஸ்ட்ரோலும் ட்ரைகிளிசரைட்டும் ஏறுகின்றன; அந்தக் கொழுப்பை இறக்கிவிட்டால் இருதயம் தப்பும். ஆய்வுகூட எலிகளில் இது நிரூபிக்கப்பட்டாயிற்று. கறிவேப்பிலை, கறுவா, கருஞ்சீரகம் என்று நம் குசினியில் இருப்பவையே எலியில் இதைச் சாதித்திருக்கின்றன. ஆகவே நோயாளி அவற்றைச் சாறாக்கிக் குடிக்கலாம். தேங்காய்ப்பாலையும் முட்டையையும் ஒதுக்கிவிடலாம். நிந்தவூர் தொட்டு மருதமுனை வரையான நம் கரையோர ஊர்களில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரியவந்தால், நலம் விசாரிக்க வருகிறவர்கள் விட்டுப்போகும் அறிவுரை பெரும்பாலும் இதுதான். ஊர்ப்பேச்சு என்று இதை ஒதுக்கவும் முடியாது. எலிக்கு டொக்சோருபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்து, ஏதோ ஒரு மூலிகையையும் கொடுத்து, இருதய நொதிகளோடு இரத்தக் கொழுப்பு அட்டவணையையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் இறங்கின, மூலிகை இருதயத்தைக் காக்கிறது என்று முடிக்கும் கட்டுரைகள் உலகச் சஞ்சிகைகளில் ஏராளம். படித்தவர்களே அவற்றை எடுத்துக்காட்டிப் பேசுகிறார்கள்.

இந்த வாதத்தின் வலுவான வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். கனடாவின் வின்னிபெக்கில் இலிஸ்கோவிக்கும் சிங்கலும் 1990களில் எலிகளுக்கு டொக்சோருபிசினை இரண்டு வாரங்களில் ஆறு தடவையாக, கிலோ எடைக்கு மொத்தம் 15 மில்லிகிராம் கொடுத்தார்கள். சில வாரங்களில் எலிகளின் வயிற்றில் நீர் கோத்தது, இருதயம் தளர்ந்தது, இரத்தக் கொழுப்பு ஏறியது. கொழுப்பைக் குறைக்கும் மருந்தான புரோபுகோலைக் கூடவே கொடுத்தபோது எலிகள் பெரும்பாலும் தப்பின. கொழுப்பைக் குறைப்பது இருதயச் செயலிழப்பைத் தடுக்கும் முக்கிய காரணி என்று 1997இல் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினார்கள். நேர்த்தியான வேலை அது. நம் நாட்டிலும் காலி, கராப்பிட்டியில் உள்ள ருகுணு பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் விஸ்டார் எலிகளில் கறிவேப்பிலைச் சாறும் இலங்கைக் கறுவாப்பட்டைச் சாறும் சோதிக்கப்பட்டு, இருதயத் தசையின் சேதம் குறைந்ததாக 2020, 2021ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அந்த ஆய்வாளர்கள் முதன்மையாக நம்பியது டிரோபோனின் போன்ற இருதயக் குறிகளையும் நுண்ணோக்கியில் பார்த்த தசையையும்தான். நோயாளி வீட்டில் அரைத்துக் குடிக்கட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. என் மறுப்பு அவர்கள்மீது அல்ல. எலியின் இரத்தத்தில் ஏறிய கொழுப்பை இருதயச் சேதத்தின் விளைவாகவும், அது இறங்கியதை இருதயம் காக்கப்பட்டதன் சான்றாகவும் வாசிக்கும் வாசிப்பின்மீது. அந்த வாசிப்பு ஒவ்வொரு படியிலும் இடறுகிறது.

ஒன்று. அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? டொக்சோருபிசினை எலிக்குக் கொடுத்தால் இருதயம் மட்டும் கெடுவதில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டியும் கெடுகிறது. இது தற்செயலாக நேரும் சிறு பக்கவிளைவு அல்ல. 1982இல் பெர்டானியும் அவரது கூட்டாளிகளும் விவரித்த நாளிலிருந்து, சிறுநீரக ஆய்வாளர்கள் இதே மருந்தை வேண்டுமென்றே எலிக்கு ஏற்றி நோயை உண்டாக்கி ஆராய்ந்து வருகிறார்கள். நரம்பு வழியாகக் கிலோவுக்கு 5 முதல் 7.5 மில்லிகிராம் வரை ஒரே தடவை கொடுத்தால் போதும். ஓரிரு வாரத்தில் சிறுநீரில் புரதம் கொட்டத் தொடங்கும். இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் விழும். உடம்பில் நீர் கோக்கும். அல்புமின் விழுந்ததும் ஈரல் அதை ஈடுசெய்யப் புரதங்களை அவசரமாக உற்பத்தி செய்கிறது. அவற்றோடு கொழுப்பைச் சுமக்கும் துகள்களும் கூடுதலாக வெளியேறுகின்றன. அதேவேளை, இரத்தத்திலிருந்து ட்ரைகிளிசரைட்டை இறக்கும் நொதி மந்தமாகிறது. முடிவு, கொலஸ்ட்ரோலும் ட்ரைகிளிசரைட்டும் உச்சிக்கு ஏறுகின்றன. சிறுநீரில் புரதம் போகும் சிறுபிள்ளைகளுக்கு முகம் வீங்கி, இரத்தக் கொழுப்பு ஏறுவதை நம் பெற்றோர் பலர் அறிவார்கள். அதே நோய்க்கூறுதான் இங்கே எலிக்கு வந்திருக்கிறது. அங்கே இருதயத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

இருதய ஆய்வு என்ற பெயரில் எலிக்குக் கொடுக்கப்படும் அளவு என்ன? 15, 18, சிலவேளை 20 மில்லிகிராம். சிறுநீரகத்தைக் கெடுக்கத் தேவையானதன் இரண்டு மடங்கு, அதற்கும் மேல். வாரக்கணக்கில் நீளும் ஆய்வில் வயிற்றில் நீர் கோத்து, கொழுப்பு ஏறி நிற்கும் எலியைப் பார்த்து இது இருதயச் செயலிழப்பு என்று எழுதுகிறவர், அதே இரண்டு குறிகளையும் சிறுநீரகமும் தனியாகவே தரும் என்பதற்கு விடை சொல்ல வேண்டும். சிறுநீர்ப் புரதத்தையும் அல்புமினையும் கூடவே அளக்காத ஓர் ஆய்வில் அந்த விடைக்கு வழியில்லை.

கருஞ்சீரகத்தையே எடுத்துப் பாருங்கள். அதன் முக்கிய வேதிப்பொருள் தைமோகுயினோன். 2000ஆம் ஆண்டில் அது எலியில் டொக்சோருபிசின் செய்யும் இருதயச் சேதத்தைக் குறைப்பதாக ஒரு கட்டுரை வந்தது. அதே ஆண்டில், அதே தைமோகுயினோன், அதே டொக்சோருபிசின், அதே எலி பற்றிப் பதாரியும் அவரது கூட்டாளிகளும் எழுதிய இன்னொரு கட்டுரை நச்சியல் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. அதில் ட்ரைகிளிசரைட் ஏறியதும் கொலஸ்ட்ரோல் ஏறியதும் சிறுநீரக நோயின் கூறுகளாகவே பேசப்படுகின்றன. இரத்தக் கொழுப்பு ஏற்றத்தோடு கூடிய சிறுநீரக நோய் என்றுதான் தலைப்பு. மருந்து ஒன்று, மூலிகைச் சத்து ஒன்று. ஆனால் கொழுப்பின் உரிமையாளர் சிறுநீரகம் என்று துறைக்குள்ளேயே பெயரிட்டு எழுதப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, அதே ஏற்றத்தை இருதயத்தின் கணக்கில் எழுத நமக்கு என்ன ஆதாரம்? மனிதரில் இந்தச் சிறுநீரக நோய் டொக்சோருபிசினின் வழமையான விளைவே அல்ல என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எலியில் ஏறிய கொழுப்பின் பெரும்பங்கு, நோயாளிக்கு வழமையாக வராத ஒரு நோயால் ஏறியதாக இருக்கலாம்.

சுண்டெலிகளும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. பால்ப்-சி என்ற வெள்ளைச் சுண்டெலி இனத்துக்கு இந்தச் சிறுநீரக நோய் எளிதில் வருகிறது. சி57 என்ற கறுப்புச் சுண்டெலி இனம் அதற்கு எதிர்ப்புள்ளது. எந்த இனத்தை வாங்கி வளர்த்தோம் என்பதைப் பொறுத்தே இரத்தக் கொழுப்பு மாறுமென்றால், அதை இருதயத்தின் அளவுகோலாக எப்படி வைப்பது?

இரண்டு. உடம்பின் கொழுப்புச் சந்தையில் இருதயத்தின் பங்கு எவ்வளவு? 250 கிராம் எலியின் இருதயம் ஏறக்குறைய ஒரு கிராம். ஈரல் அதன் பத்து மடங்கு. எலும்புத் தசையும் கொழுப்புத் திசுவும் அதைவிடப் பன்மடங்கு. ஒரு கிராம் தசை கொழுப்பை எரிப்பதை நிறுத்தினால் முழு இரத்தத்தின் ட்ரைகிளிசரைட்டும் இரட்டிப்பாகும் என்பது கணக்குக்கு ஒவ்வாது. மாறாக, டொக்சோருபிசின் கொழுப்புத் திசுவை நேரடியாகவே தாக்குகிறது. கொழுப்புச் செல் கொழுப்பை வாங்கிச் சேமிக்கத் தூண்டும் மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் குறைகிறது; வாசலில் நின்று கொழுப்பை உள்ளே இறக்கும் நொதியும் குறைகிறது. சேமிக்க இடமில்லாத கொழுப்பு இரத்தத்திலேயே சுற்றுகிறது.

இன்னொன்றும் உண்டு, அதைக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றால்தான் காணலாம். மனிதருக்கு இந்த மருந்து கையின் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. எலிக்குப் பெரும்பாலும் வயிற்றுக் குழிக்குள் ஒரே குத்தாகக் குத்துகிறார்கள். அந்தச் சிவப்புத் திரவம் குடலின்மேல் நேரே போய்ப் படுகிறது. வயிற்று உறை அழற்சி கொள்கிறது, குடலின் அசைவு மந்தமாகிறது. எலிக்கு வாந்தி எடுக்க வராது. அது சாப்பாட்டை விட்டுவிடுகிறது. மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, கூண்டின் மூலையில் ஒதுங்குகிறது. பட்டினி கிடக்கும் எலியின் கொழுப்புத் திசு கரைந்து கொழுப்பமிலங்களாக இரத்தத்துக்கு வருகிறது. இந்த எலியின் இரத்தத்தை, வயிறு நிறையத் தின்ற ஆரோக்கியமான எலியின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதும் இருதயத்தால் வந்தது என்று எழுதுவது எந்த வகையில் நியாயம்? மருந்து பெற்ற எலி எவ்வளவு தின்றதோ அதே அளவை மட்டும் மருந்து பெறாத எலிக்கும் கொடுத்து ஒப்பிடும் முறை வெகுகாலமாக இருக்கிறது. அதைச் செய்யாத ஆய்வு, பட்டினியையும் மருந்தையும் பிரித்துச் சொல்லத் தகுதியற்றது.

மூன்று. இருதயத்தின் கொழுப்புச் சிக்கல் உண்மையிலேயே எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியில்தான் பேசுபொருளின் சாரம் இருக்கிறது. பரவலான கருத்து அதை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. மனித இருதயம் நாளொன்றுக்குச் சுமார் 6 கிலோ ஏடிபி என்ற சக்திப்பொருளை உண்டாக்கிச் செலவழிக்கிறது. அதன் பெரும்பங்கு, ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம், கொழுப்பமிலங்களை எரித்தே கிடைக்கிறது. ஆரோக்கியமான இருதயத்துக்குக் கொழுப்பு எதிரி இல்லை, பிரதான எரிபொருள். டொக்சோருபிசின் செய்வது அந்த எரிப்பைக் கெடுப்பது. செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் மைட்டோகொண்ட்ரியாவின் உட்சவ்வில் கார்டியோலிப்பின் என்றொரு கொழுப்பு இருக்கிறது. மாட்டிருதயத்திலிருந்து 1942இல் பிரித்தெடுக்கப்பட்டதால் அந்தப் பெயர். இந்த மருந்து போய் ஒட்டிக்கொள்வது அதில்தான். 2012இல் நேச்சர் மெடிசின் சஞ்சிகையில் வந்த ஆய்வு இன்னும் ஆழத்துக்குப் போனது: இருதயச் செல்களில் டோபோஐசோமரேஸ் 2-பீட்டா என்ற நொதியை மட்டும் நீக்கிய சுண்டெலிகள் டொக்சோருபிசினின் சேதத்திலிருந்து பெரிதும் தப்பின. அந்த நொதி உள்ள இருதயத்தில் மருந்து டிஎன்ஏயை முறிக்கிறது. புதிய மைட்டோகொண்ட்ரியாவை உண்டாக்கும் மரபணுக்களும் கொழுப்பை எரிக்கும் மரபணுக்களும் அடங்கிப்போகின்றன. இருதயம் எரிபொருள் இருந்தும் எரிக்க அடுப்பில்லாமல் தவிக்கிறது.

இப்படிப்பட்ட ஓர் இருதயத்துக்கு இரத்தக் கொழுப்பைக் குறைப்பது எப்படி மருந்தாகும்? சேதம் செல்லுக்குள்ளே, டிஎன்ஏயிலும் மைட்டோகொண்ட்ரியாவிலும் நடக்கிறது. இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள கொலஸ்ட்ரோல் எண் அதைத் தொடவே இல்லை. கொழுப்புச் சிதைவு என்று சிலர் படம்போட்டுக் காட்டும் இருதயத் தசையின் வெற்றுக் குமிழ்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். இந்த மருந்தால் வரும் அந்தக் குமிழ்களில் பெரும்பாலானவை கொழுப்புத் துளிகள் அல்ல. செல்லுக்குள் கல்சியத்தைச் சேமிக்கும் வலைக்குழாய்கள் வீங்கியதால் வந்தவை. கொழுப்புக்குரிய சாயம் ஏற்றிப் பாராமல் அவற்றைக் கொழுப்பு என்று எழுதுவது தவறு.

நான்கு. எலியின் கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., என்று அச்சிடப்படும் எண்ணை யாராவது அளந்தார்களா? பல கட்டுரைகளில் அது அளக்கப்படுவதில்லை, கணக்கிடப்படுகிறது. மொத்தக் கொலஸ்ட்ரோலில் எச்.டி.எல்.லைக் கழித்து, ட்ரைகிளிசரைட்டை ஐந்தால் வகுத்து அதையும் கழிக்கும் அந்தச் சூத்திரம் 1972இல் ஃபிரீட்வால்ட் குழுவினர் மனித இரத்தத்தில் கண்டது. எலிக்குக் கொழுப்புத் துகள்களிடையே கொலஸ்ட்ரோலைக் கைமாற்றும் சி.ஈ.டி.பி. என்ற புரதம் இல்லை. அதன் கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதி எச்.டி.எல்.லிலேயே இருக்கிறது. அந்தச் சூத்திரம் எலிக்காகக் கண்டறியப்பட்டது அல்ல. ஆனாலும் கெட்ட கொழுப்பு இத்தனை சதவீதம் இறங்கியது என்ற வாக்கியம் அதிலிருந்துதான் பிறக்கிறது. விளம்பரத் தாள்வரை போகிறது.

ஐந்து. அளவும் காலமும் நோயாளியினுடையவையா? எலியின் கிலோ எடைக்கு 18 மில்லிகிராம் என்பது உடற்பரப்பின் கணக்கில் சதுர மீற்றருக்கு 108 மில்லிகிராம். மார்புப் புற்றுநோய்க்கு நோயாளிக்கு ஒருமுறை ஏற்றுவது அதே கணக்கில் 60 மில்லிகிராம். மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு தடவை. எலியின் உடம்பில் ஒரே நாளில் இறங்கும் அதிர்ச்சியும், நோயாளியின் உடம்பில் மாதங்களாகச் சேர்ந்து ஆண்டுகள் கழித்தும் வெளிப்படக்கூடிய சேதமும் ஒரே நோய் அல்ல. அந்த எலி பெரும்பாலும் இளம் ஆண் எலி. அதற்குப் புற்றுநோயே கிடையாது. நம்மிடையே இந்த மருந்தை ஏற்றிக்கொள்கிறவர்களில் பலர் நடுத்தர வயதுப் பெண்கள். அவர்களுடைய உடம்பில் கட்டி இருக்கிறது. இருதயச் செல்லை மருந்திலிருந்து காக்கும் சாறு கட்டியையும் காத்துவிடுமா என்ற கேள்விக்குக் கட்டியில்லாத எலி பதில் தராது.

மூலிகையின் அளவும் அப்படியே. இந்த வகை ஆய்வுகளில் கிலோவுக்கு 2 கிராம் வரை உலர்த்திய சாறு கொடுக்கப்படுகிறது. எலியிலிருந்து மனிதருக்கு மாற்றும் வழமையான கணக்கின்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளுக்கு ஏறத்தாழ 20 கிராம். பச்சை இலை அல்ல, நீரெல்லாம் போன சத்து. ஆணத்தில் போடும் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த அளவைக் குடித்தால் அது உணவு என்ற பெயரை இழந்து மருந்தாகிறது. மருந்துக்குரிய ஆபத்துகளும் கூடவே வரும்.

ஆறு. மனிதரில் இந்த வாதம் முன்பே சோதிக்கப்பட்டதை ஏன் யாரும் சொல்வதில்லை? டொக்சோருபிசின் இருதயச் செல்லின் கொழுப்புகளை ஒட்சியேற்றிக் கெடுக்கிறது, விற்றமின் ஈ கொடுத்த சுண்டெலிகள் தப்புகின்றன, கட்டிக்கு எதிரான வேலையும் குறையவில்லை என்று 1977இல் மையர்ஸ் குழுவினர் சயன்ஸ் சஞ்சிகையில் எழுதினார்கள். உலகமே நம்பியது. நோயாளிகளுக்கு விற்றமின் ஈ கொடுத்துப் பார்த்தபோது இருதயம் காக்கப்படவில்லை. சுண்டெலியில் பலித்த அசற்றைல்சிஸ்டீனை அதே மையர்ஸ் நோயாளிகளில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தார், அதுவும் பலிக்கவில்லை. சுண்டெலியில் கண்டது பொய் அல்ல. சுண்டெலியின் அந்த அதிர்ச்சி நோயாளியின் நோய் அல்ல என்பதே காரணம். இன்று கறிவேப்பிலைக்கும் கறுவாவுக்கும் கருஞ்சீரகத்துக்கும் சொல்லப்படும் விளக்கம் பெரும்பாலும் அதே ஒட்சியேற்ற எதிர்ப்பு விளக்கம்தான். ஒருமுறை தோற்ற வாதம் புதிய இலையின் பெயரில் திரும்பி வரும்போது, முந்தின தோல்விக்கு அது கணக்குக் காட்ட வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். ஸ்டாட்டின் மாத்திரை கொழுப்பைக் குறைத்து இருதயத்தைக் காத்ததே என்பார்கள். 2023இல் வெளியான ஸ்டொப்-சிஏ ஆய்வில் நிணநீர்ப் புற்றுநோயுள்ள 300 பேரில், அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் எடுத்தவர்களில் 9 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கும் இருதயத்தின் பம்பும் திறன் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே விழுந்தது. இது கவனிக்கத்தக்க முடிவு. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 2022இல் வந்த பிரிவென்ட் ஆய்வில் அதே மருந்து, அதே அளவு, 279 பேர், 24 மாதம். மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் இடையில் வித்தியாசம் காணப்படவில்லை. இரண்டிலும் மாத்திரை தன் வேலையைச் செய்தே இருக்கும். கொலஸ்ட்ரோலை அது குறைக்கும் என்பதில் ஐயமில்லை. கொழுப்பைக் குறைப்பதுதான் இருதயத்தைக் காப்பது என்றால் இரண்டு ஆய்வும் ஒரே விடையைத் தந்திருக்க வேண்டும். ஸ்டாட்டினுக்குக் கொழுப்பைத் தாண்டிய வேறு வேலைகள் உண்டு. பயன் இருந்தால் அது அங்கிருந்து வரலாம். எப்படியானாலும் அது இருதய வைத்தியர் தீர்மானிக்க வேண்டிய மருந்து. முட்டையை விட்டுவிடச் சொல்லும் அறிவுரைக்கு அது ஆதாரம் ஆகாது.

டொக்சோருபிசினிலிருந்து இருதயத்தைக் காக்கும் டெக்ஸ்ராசொக்சேனும் விலங்கு ஆய்விலிருந்துதானே வந்தது என்றும் கேட்பார்கள். ஆம். 1995இல் அமெரிக்காவில் இதற்கென அங்கீகாரம் பெற்ற அந்த மருந்து, முயலிலும் பீகிள் நாயிலும் சிறு பன்றியிலும் சோதிக்கப்பட்டது. சிறு அளவுகளாக, மாதக்கணக்கில், நோயாளிக்கு ஏற்றுவதைப்போலவே டொக்சோருபிசினைக் கொடுத்து, இருதயத் தசையை வெட்டிப் பார்த்துத் தரப்படுத்தினார்கள். பிறகு பெண் நோயாளிகளில் ஒப்பிட்டார்கள். விலங்கு ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியான விலங்கில், சரியான கேள்வியோடு, சரியான உறுப்பை அளந்தால் அது மனிதருக்குப் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இரத்தக் கொழுப்பு அந்தப் பாதையில் எங்கும் சாட்சியாக அழைக்கப்படவில்லை.

நோயாளிகளுக்கும் கொழுப்பு ஏறத்தானே செய்கிறது என்பது மூன்றாவது எதிர்வாதம். ஏறுகிறது. மார்புப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் காலத்தில் பலருக்கு ட்ரைகிளிசரைட் கூடி எச்.டி.எல். குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெதசோன் கொடுக்கிறார்கள், மாதவிடாய் நின்றுபோகிறது, உடல் அசைவு குறைகிறது, எடை மாறுகிறது, ஈரலும் பாதிக்கப்படுகிறது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே கொழுப்பை ஏற்றக்கூடியவை. இருதயம் கெட்டுத்தான் கொழுப்பு ஏறியது என்பதற்கு நேரம், அளவு, ஒப்பீடு எதுவும் காட்டப்படவில்லை.

இயற்கையானதுதானே, குடித்தால் என்ன நட்டம் என்ற கடைசி எதிர்வாதத்துக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டென்ற நபிமொழி நம் வீடுகளில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அறிந்தே எழுதுகிறேன். அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கு இல்லை. அதற்கு எலியைச் சாட்சியாக அழைத்து, மருந்து ஏற்றும் நாட்களில் கண் அளவாகக் குடிக்கச் சொல்வதோடுதான் வழக்கு. டொக்சோருபிசின் உடம்பைவிட்டு வெளியேறுவது ஈரல் வழியாக. இரத்தத்தில் பிலிருபின் ஏறினால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். அடர்த்தியான மூலிகைச் சாறு ஈரல் நொதிகளை ஏற்றிவிட்டால், அது மருந்தால் வந்ததா சாறால் வந்ததா என்று கிளினிக்கில் யாருக்கும் தெரியாது. ஏற்ற வேண்டிய தவணை தள்ளிப்போகும். கறுவா என்று கடையில் கிடைப்பது எல்லாம் நம் கறுவாவும் அல்ல. தடித்த கசியா வகைப் பட்டையில் ஈரலைத் தாக்கக்கூடிய குமாரின் மிக அதிகம். சாப்பாட்டை ஒதுக்குவதன் நட்டம் இதைவிடப் பெரிது. வாய்ப்புண்ணோடும் குமட்டலோடும் இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து கொலஸ்ட்ரோலைக் காட்டித் தேங்காய்ப்பாலையும் முட்டையையும் மீனையும் பறித்தால் மிஞ்சுவது வெறுஞ்சோறு. எடை விழுகிறது, தசை கரைகிறது, இரத்த அணுக்கள் மீள நாளாகிறது. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு இரவு பஸ் ஏறிப்போய், அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் வரிசையில் நின்று, இரத்த அணுக்கள் போதாது, இன்று ஏற்ற முடியாது என்ற பதிலோடு திரும்பி வருவது என்னவென்று நம் ஊர்க் குடும்பங்களுக்குத் தெரியும்.

இருதயத்தைக் காக்க உண்மையில் தெரிந்தவை வேறு. மருந்தின் மொத்த அளவே முதல் காரணி. சதுர மீற்றருக்கு 400 மில்லிகிராம் சேர்ந்தால் ஏறக்குறைய 5 சதவீதத்தினருக்கும், 550இல் 26 சதவீதத்தினருக்கும், 700இல் 48 சதவீதத்தினருக்கும் இருதயச் செயலிழப்பு வந்ததாக 2003இல் சுவெய்ன் குழுவினர் கணக்கிட்டார்கள். இத்தாலியில் கார்டினாலே குழுவினர் 2,625 பேரைத் தொடர்ந்து கண்காணித்து 2015இல் எழுதியதில், 9 சதவீதத்தினருக்கு இருதயம் பாதிக்கப்பட்டது. அவர்களில் 98 சதவீதத்தினருக்கு அது முதல் ஆண்டுக்குள்ளேயே இருதய ஸ்கேனான எக்கோவில் தெரிந்தது. எனலப்ரில் போன்ற இருதய மருந்துகளைத் தொடங்கியபின் 82 சதவீதத்தினருக்கு இருதயத்தின் திறன் ஓரளவோ முழுமையாகவோ திரும்பியது. அந்தப் பாதுகாப்பு கிடைத்தது எக்கோவில் நேரத்தோடு கண்டதால். கொழுப்புப் பரிசோதனைத் தாளால் அல்ல.

நிந்தவூரில் தொற்றா நோய்களுக்கான ஆயுள்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை இருக்கிறது. பக்கத்து ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் மூலிகைகளை நம் மண்ணிலேயே முறையாக ஆராய இடமுண்டு. அப்படி ஆராய முன்வருகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: எலியின் சிறுநீர்ப் புரதத்தை அளந்து பாருங்கள், அது தின்ற உணவை நிறுத்துப் பாருங்கள், இருதயத் தசை கொழுப்பை எரிக்கிறதா என்று இருதயத்திலேயே பாருங்கள், கட்டியுள்ள விலங்கில் பாருங்கள். அதுவரை இரத்தக் கொழுப்பு அட்டவணையை இருதயத்தின் பெயரில் அச்சிடாதீர்கள்.

மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கும் அவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கும்: வீட்டில் என்ன சாறு, என்ன தூள், என்ன எண்ணெய் எடுக்கிறீர்கள் என்பதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். டொக்டர் விலக்கச் சொன்னால் தவிர முட்டையையும் மீனையும் விடாதீர்கள். அந்தச் சிவப்பு மருந்து இதுவரை மொத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். அடுத்த எக்கோ எந்தத் திகதியில் என்பதையும் கேட்டு, அதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.